பத்து லட்சத்து ஒன்று

வழுக்கை விழுந்தவர்களே, பல் கட்டிக்கொண்டவர்களே, மாடி ஏற முடியாமல் கீழ் வீட்டுக்கு இறங்கி வந்துவிட்ட என் வகுப்புக்காரர்களே!

பள்ளிக்கூட விழா மலருக்கு நானும் ஒரு பக்கம் எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். என் எழுத்தின் மேல் உங்களுக்கு அவ்வளவு ஆசை வந்துவிடவில்லை. என் மேஜையில் கிடக்கும் நன்கொடைத் தாளில் கையெழுத்து விழ வேண்டும், அதற்கு முன்னால் என்னைப் புகழ்ச்சியில் கொஞ்சம் குளிப்பாட்ட வேண்டும், அவ்வளவுதான். கையெழுத்துப் போட்டால் கணக்கு சார் நினைவாகக் கல் வைப்பீர்கள். நாலடிக் கருங்கல், பொன் எழுத்து. அதில் என்ன வெட்டப்போகிறீர்கள் என்பதும் தாளில் இருக்கிறது. "10,00,001. எந்த எண்ணாலும் வகுபடாதது. எதற்கும் வளையாத எம் ஆசானைப் போல."

போடுவதா வேண்டாமா என்று பத்து நாளாகத் தாளை வைத்துக்கொண்டிருக்கிறேன். பதிலை இங்கேயே எழுதிவிடுகிறேன். மலரில் அச்சடித்தால் எல்லோரும் படிப்பீர்கள். தனியாகச் சொன்னால் நாலு பேர் நாலு விதமாகத் திரித்துவிடுவீர்கள். உங்களை எனக்குத் தெரியாதா?

என் படிப்பு அஞ்சாம் வகுப்பு. இன்றைக்கு எண்ணூர் ரோட்டில் கருவாட்டு குடோன் ஒன்று, ஐஸ் கம்பெனி ஒன்று, காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் பெட்டி ஏற்றிக்கொண்டு போகும் டிரெய்லர் பதினொன்று. உங்களில் டிகிரி வாங்கிய நாலு பேருடைய பிள்ளைகள் என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொல்ல மாட்டேன். பெருமைக்காகத்தான் சொல்கிறேன்.

நாம் அஞ்சாவது படித்த அந்த வெயில் காலம் உங்களுக்கு ஞாபகம் இருக்காது. உங்களுக்கு ஞாபகம் இருப்பதெல்லாம் உங்கள் மார்க்குதான். பள்ளிக்கூடத்துக்கும் கடலுக்கும் நடுவில் ஒரு மணல் களம் இருந்தது. இப்போது அது இல்லை, கடல் தின்றுவிட்டது. அந்த இடத்தில் லாரி லாரியாகக் கொட்டிய பாறைதான் கிடக்கிறது. அந்தக் களத்தில் என் அம்மாவும் இன்னும் ஆறேழு பெண்களும் பனம்பாய் விரித்து வாளை மீனைக் காயப்போடுவார்கள். பத்து மணிக்கு மேல் பாய் முழுக்க வெள்ளித் தகடு பரப்பின மாதிரி கண் கூசும். உப்பு, மீன், சூடான பனைநார் மூன்றும் சேர்ந்த வாசனை. எனக்கு அது வாசனை. உங்களுக்கு நாற்றம். கணக்கு சாருக்கும் நாற்றம். களத்து வீட்டுப் பிள்ளைகளை ஜன்னலோரம் தனி பெஞ்சில் போட்டிருந்தாரே, "காத்து அந்தப் பக்கமா போவட்டும்" என்று. அந்த பெஞ்சில் நான் மூன்றாவது ஆள்.

காய்ந்த வாளையை எண்ணுவது என் வேலை. வலது கையில் மூன்று, இடது கையில் இரண்டு, அஞ்சு ஒரு பிடி. இருபது பிடி போட்டு, அதற்கு மேல் ஒற்றை வாளை ஒன்று போட்டால்தான் நூறு. அந்த ஒன்று கொசுறு இல்லை. வாங்குகிறவன் கேட்டுப் போடுவது கொசுறு. இது கேட்காமல் போடுவது. கேட்டாலும் கேட்காவிட்டாலும் எங்கள் களத்தில் நூறு என்றால் நூற்றியொன்றுதான். "மேல ஒண்ணு போடாம குடுக்கறவ கை வெளங்காதுடி" என்பாள் அம்மா. ஒவ்வொரு நூறுக்கும் ஒரு சோழியை பிஸ்கட் டின்னுக்குள் போடுவேன். மூடியில் ஒரு குழந்தை சிரிக்கும். கன்னத்தில் மட்டும் துரு பிடித்திருக்கும். அந்த டின் எந்த மழையில் போனதோ தெரியவில்லை. அதை யாராவது கொண்டுவந்து கொடுத்தால் ஒரு டிரெய்லர் எழுதிவைப்பேன்.

வாங்க வருகிற தெற்கத்தி வியாபாரிக்கு நூறுக் கணக்கு போதாது. மூட்டை கட்டுவதற்கு ஒற்றை ஒற்றையாக எத்தனை என்று தெரிய வேண்டும்.

"எத்தன நூறு கீது?" என்று அம்மா என்னைக் கேட்பாள்.

"நாப்பத்தேழு."

"அண்ணாச்சிக்கு ஒத்தையில சொல்லு."

"நாலாயிரத்து எழுநூத்தி நாப்பத்தேழு."

அவர் காதிலிருந்து பென்சிலை எடுப்பதற்குள் சொல்லிவிடுவேன். இதில் வித்தை ஒன்றும் இல்லை. மேல ஒன்று போடுகிற நூறில், நாற்பத்தேழு நூறு என்றால் நாற்பத்தேழை இரண்டு தடவை பக்கத்தில் பக்கத்தில் எழுதினால் முடிந்தது. 4747. சோழி நூறைத் தாண்டினால் மட்டும் கொஞ்சம் ஏற்றிப் போட வேண்டும். நூற்று இருபத்து மூன்று நூறு என்றால் பன்னிரண்டாயிரத்து முந்நூறு, அதன் மேல் நூற்று இருபத்து மூன்று. பள்ளிக்கூடம் சொல்லிக்கொடுக்காத இந்தக் கணக்கு என் விரலில் இருந்தது. அண்ணாச்சி வாயைப் பிளந்து, "யக்கா, இந்தப் புள்ளய மேல படிக்க வைங்க" என்று ஒவ்வொரு முறையும் சொல்வார். நல்ல மனுஷன். அவர் பேரைக் கல்லில் வெட்டலாம்.

அந்த வெயில் காலத்தில்தான் கணக்கு சாருக்கு அந்த எண்ணின் மேல் கிறுக்குப் பிடித்தது. தன்னால் மட்டுமே வகுபடும், ஒன்றைத் தவிர வேறு எந்த எண்ணுக்கும் அடங்காத எண்ணுக்குப் பகா எண் என்று பெயர் சொன்னார். நூறுக்குள் இப்படி இருபத்தைந்து இருக்கின்றன என்று பாட்டாகவே மனப்பாடம் பண்ணவைத்தார். ரெண்டு, மூணு, அஞ்சு, ஏழு, பதினொண்ணு என்று ஆரம்பித்துத் தொண்ணூத்தேழில் முடிக்க வேண்டும். எனக்கு இன்றும் வரும். உங்களில் எத்தனை பேருக்கு வரும், கையைத் தூக்குங்கள் பார்ப்போம்.

பிறகு பலகையில் பத்து லட்சத்து ஒன்று என்று எழுதினார். நம்மைப் பாடத்தைப் பார்த்து எழுதச் சொல்லிவிட்டு, ஒரு மாதம் அவர் அதைத்தான் வகுத்துக்கொண்டிருந்தார். ஏழால் போட்டார், மீதி வந்தது. பதின்மூன்றால் போட்டார், மீதி. ஒவ்வொரு மீதிக்கும் அவர் முகம் மலர்ந்தது. நாம் கணக்கில் மீதி விட்டால் டஸ்டர் கட்டையால் விரல் முட்டியில் போடுகிற ஆள், தன் மீதிக்கு மட்டும் சிரித்தார். தொண்ணூத்தேழால் போட்டு, அதிலும் மீதி வந்ததும், கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார்.

"தீர்ந்துச்சு. இதை வகுக்கிறவன் இன்னும் பொறக்கல."

எண்ணைப் பலகையின் இடது மேல் மூலையில் பெயின்டால் எழுதி, சுற்றிக் கட்டம் கட்டிவிட்டார். அதைத் தலையாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் நாம். இன்னும் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறோம்.

ஸ்கூல் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தெரிந்ததும் பள்ளிக்கூடமே வேட்டியை வெளுத்துக் கட்டிக்கொண்டது. நம் பள்ளியில் அஞ்சாவதுக்கு மேல் இல்லை. ஆறாவதுக்குப் பெரிய பள்ளியில் ஒரே ஒரு இலவச சீட்டு, ஹாஸ்டலோடு. வருகிறவர் கேள்வி கேட்டு ஒரு பிள்ளையைப் பொறுக்கி எடுப்பார். அம்மா என்னிடம் கறாராகச் சொல்லிவிட்டாள்.

"சீட்டு கெடச்சா படி. கெடைக்காட்டி திங்கக்கெழமைலேர்ந்து கூடையத் தூக்கு. நடுவுல நின்னுகினு அழுவக் கூடாது."

அந்த நாள் காலையில் களத்திலேயே என் தலையில் எண்ணெய் வைத்துச் சீவினாள். கையை இரண்டு தடவை சீயக்காய் போட்டுத் தேய்த்துவிட்டாள். பள்ளிக்கூடம் பக்கம் ஒதுங்கியே பார்க்காதவள், எனக்குப் புத்தி சொன்னாள்.

"பெரிய மனுசன் வர்றாரு. அவரு முன்னால கைய குறுக்காத. நூறு கேட்டா மேல ஒண்ணு போட்டே குடு. கருவாட்டுக்காரி பொண்ணு கம்மியா போட்டான்னு ஒரு பேச்சு வரக் கூடாது, இன்னா?"

"சரிம்மா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார். வாசலில் கால் வைத்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்தார். கணக்கு சார் அவருக்கு முதலில் காட்டியது நம்மை இல்லை, அந்தக் கட்டம் கட்டிய எண்ணை. ஒரு மாதப் பாடு என்றார், பகா எண் என்றார், சோதித்தாகிவிட்டது என்றார். இன்ஸ்பெக்டரும் பலமாகத் தலையாட்டினார். அவர் எதுவரை சோதித்தீர்கள் என்று கேட்டிருந்தால் அது படிப்பு. அவர் சோடா கேட்டார்.

சோடாவைக் குடித்துவிட்டு, இலவச சீட்டுக்கான கேள்வியாக, அந்த எண்ணையே காட்டினார்.

"சரி, சுலபமா ஒண்ணு. இதை நூறால வகுத்தா ஈவு எவ்வளவு, மீதி எவ்வளவு? யார் வந்து போடறீங்க?"

நான் தூக்கின கை முதலில் தெரிந்தது. பலகை எனக்கு உயரம். கால் விரலில் எக்கி நின்று எண்ணை எழுதினேன். பக்கத்தில் நூறு எழுத வேண்டும். பெரிய மனுஷன் கேட்ட நூறு. அம்மா சொன்னபடி மேல ஒன்று போட்டு, 101 என்று எழுதினேன். ஒன்று, பூஜ்யம், ஒன்று. எந்தத் தயக்கமும் இல்லாமல் எழுதினேன்.

பின்னால் சிரிப்பு. "டேய், நூறுக்கு நூத்தியொண்ணு போட்டுகீறாடா!" யார் கத்தியது என்று எனக்குத் தெரியும். பேர் எழுதவில்லை. எழுதாமலே அவனுக்கு வியர்க்கும்.

சிரிக்கட்டும் என்று வகுத்தேன். ஆயிரத்தில் ஒன்பது தடவை போனது. மறுபடி ஒன்பது தடவை போனது. பத்தில் போகவில்லை, பூஜ்யம். கடைசி ஒன்றைக் கீழே இறக்கினேன். பத்துக்குப் பக்கத்தில் அந்த ஒன்று வந்து நின்றதும் நூற்றியொன்று. சரியாக எங்கள் நூறு ஒன்று, களத்தில் கட்டி வைத்த மாதிரி. கழித்தேன். மீதி இல்லை. ஈவு 9901.

அந்த நேரத்தில் இன்ஸ்பெக்டர் ஜன்னலைச் சாத்தச் சொல்லி அங்கே நின்றுகொண்டிருந்தார், முதுகு நம் பக்கம். கணக்கு சார் டஸ்டரைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். நான் விரல் முட்டியை மடக்கிக் காத்திருந்தேன். அடி விழவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாக்பீஸை எடுத்து ஓரத்தில் சின்னதாக ஏதோ பெருக்கினார். உதடு அசைந்தது. பிறகு டஸ்டர் கையில் இருக்கும்போதே, உள்ளங்கையால் எல்லாவற்றையும் அழித்தார். என் கணக்கை, அவர் பெருக்கலை, எல்லாவற்றையும். கை முழுக்க வெள்ளை.

"போய் உக்காரு" என்றார். மெதுவாகச் சொன்னார். அவர் மெதுவாகப் பேசி அதற்கு முன் நான் கேட்டதில்லை.

இன்ஸ்பெக்டர் திரும்பி, "என்ன ஆச்சு?" என்றார்.

"இந்தப் பொண்ணுக்கு நூறே தெரியலைங்க."

வாட்ச் கடைக்காரர் மகன் எழுந்து, "ஈவு பத்தாயிரம், மீதி ஒண்ணு" என்றான். கேட்ட கேள்விக்கு அதுதான் சரி. ஒப்புக்கொண்டுவிடுகிறேன், எனக்கு அதில் வழக்கு இல்லை. சீட்டு அவனுக்குப் போனது.

எனக்கு என்ன தோன்றியது என்று கேளுங்கள். யாராலும் வகுக்க முடியாத எண் என்று சார் சொன்னார். எனக்கு மீதி இல்லாமல் வகுபட்டது. ஒன்று சார் தப்பு, இல்லையென்றால் நான் தப்பு. பத்து வயதில், கருவாட்டு பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு இதற்கு ஒரே பதில்தான்.

களத்துக்கு வந்தேன். அம்மா பாயைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"நூறு போட்டியா?"

"போட்டேன்."

"மேல ஒண்ணு?"

"போட்டேம்மா."

"அப்பறம் இன்னாத்துக்குக் குடுக்கல?"

நான் பாயின் மறு முனையைப் பிடித்தேன். அவள் பள்ளிக்கூடத்துச் சுவரைத் திரும்பிப் பார்த்தாள். "கை சின்னது அவுங்களுக்கு" என்று சொல்லிவிட்டுக் கூடையை என் பக்கம் தள்ளினாள். திங்கட்கிழமை வரைக்கும்கூடக் காத்திருக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் எப்படி வளர்ந்தேன் என்று எழுதினால் உங்கள் மலர் கொள்ளாது. ஒன்று மட்டும் சொல்கிறேன். கணக்கு சாரைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிக்கொண்டிருந்தவள் நான்தான். "எல்லாரையும் அடிப்பாரு, ஆனா நான் சீட்டு தோத்த அன்னிக்கு என்னை அடிக்கல, பாவம்னு வுட்டுட்டாரு" என்று என் பிள்ளைகளிடம்கூடச் சொல்லியிருக்கிறேன். அம்பத்தெட்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன்.

ஒரு தடவை அவர் ராயபுரத்தில் என் கடைக்கு வந்தார். ரொம்ப வயதாகிவிட்டது, குடையை ஊன்றிக்கொண்டு வந்தார். நான் ஒரு வியாபாரிக்கு எண்ணிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தேன், டீ வாங்கிக் கொடுத்தேன், அப்போதிருந்த இரண்டு லாரியையும் கையால் காட்டினேன். அவர் லாரியைப் பார்க்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் மேல ஒண்ணு போடறியாம்மா?"

"போடாம சார்? அது இல்லாங்காட்டி நூறே கெடையாதே."

"அந்தக் கணக்க அப்பறம் எப்பவாச்சும் போட்டுப் பாத்தியா?"

"எந்தக் கணக்கு சார்? டீசல் கணக்கு பாக்கவே நேரம் இல்ல."

அவர் டீயை முழுசாகக் குடித்தார். "நல்லது" என்றார். நான் கட்டிக்கொடுத்த கருவாட்டை எடுக்காமலே போய்விட்டார். பேரனுக்கு வேலை கேட்க வந்து, கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். மனுஷனை எடை போடுவதில் நான் கெட்டிக்காரி என்று ஊரே சொல்லும். அன்றைக்கு என் தராசு படுத்துக்கொண்டது.

பத்து நாளைக்கு முன் உங்கள் விழாக் குழுச் செயலாளர் இந்தத் தாளோடு வந்தார். வேறு யார், அதே வாட்ச் கடைக்காரர் மகன்தான். பாங்கில் இருந்து ரிட்டயர் ஆகி, சஃபாரி சட்டை போட்டுக்கொண்டு, கூடப் படித்தவளை "அம்மா" என்கிறார்.

"நீங்க மனசு வெச்சா கல்லு நின்னுடும்மா."

"இன்னா தோஸ்து, எனக்கு நீ அம்மா பட்டம் குடுத்துட்ட? உக்காரு, தாளக் குடு."

எண் இருக்கிற எந்தத் தாளிலும் தட்டிப் பார்க்காமல் நான் கையெழுத்துப் போட மாட்டேன். கால்குலேட்டரில் பத்து லட்சத்து ஒன்றைத் தட்டினேன். எதால் வகுப்பது? என் விரலுக்குத் தெரிந்தது ஒரே நூறு. ஒன்று, பூஜ்யம், ஒன்று. 9901 வந்து நின்றது. புள்ளி இல்லை. மறுபடி தட்டினேன். மூன்றாம் தடவையும் தட்டினேன்.

"இன்னாச்சும்மா?" என்றார் செயலாளர்.

"ஒண்ணுமில்ல. தாளு இங்க இருக்கட்டும்."

இத்தனை வருஷம் ஏன் சரிபார்க்கவில்லை என்று கேட்பீர்கள். தப்பு என்று முடிவாகிவிட்ட கணக்கை யார் எடுத்துப் பார்ப்பார்கள்? சரி என்று நம்பின நீங்களே பார்க்கவில்லையே. எம்.ஏ., பி.காம்., பாங்க் ஆபீசர், ஹெட்மாஸ்டர் என்று இத்தனை பேர் இருக்கிறீர்கள், கல்லில் வெட்டப் போகிற எண்ணை ஒருத்தராவது வகுத்துப் பார்த்தீர்களா?

என் ஆபீசில் கணக்குப் பார்க்கும் பெண்ணிடம் கேட்டேன். பத்து லட்சத்து ஒன்றைப் பகா எண் என்று சொல்ல வேண்டுமானால் ஆயிரம் வரைக்கும் சோதித்திருக்க வேண்டுமாம். இவர் நூறோடு நின்றார். நூறுக்கு அடுத்த எண்ணிலேயே அது விழுந்திருக்கிறது. அவர் இன்னும் ஒரே ஒரு அடி வைத்திருந்தால் போதும், எங்கள் களத்துக்கு வந்து சேர்ந்திருப்பார். இன்னொன்றும் அவள் சொன்னாள். என் விடையான 9901 இருக்கிறதே, அதைச் சோதிக்க நூறு வரை பார்த்தால் போதுமாம். அந்த இருபத்தைந்து எண்ணையும் பாட்டுப் பாடிக்கொண்டே ஒவ்வொன்றாகத் தட்டினேன். ஒவ்வொன்றிலும் மீதி வந்தது. உண்மையிலேயே எதற்கும் அடங்காத எண் அன்றைக்குப் பலகையில் இருந்தது. அதைத்தான் அவர் உள்ளங்கையால் அழித்தார்.

ஓரத்தில் சின்னதாகப் பெருக்கினாரே, அது 9901ஐ நூற்றியொன்றால். பெருக்கிப் பார்த்துத் தெரிந்துகொண்டுதான் அழித்தார். இன்ஸ்பெக்டர் திரும்புவதற்குள் அழித்தார். அடிக்காமல் விட்டது இரக்கம் இல்லை. சரியாகப் போட்ட கையில் எப்படி அடிப்பது என்று தெரியாமல் விட்டார். பிறகு என் கடைவரைக்கும் வந்து, எனக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டு, இல்லை என்றதும் டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறார். பாவம் என்று எழுதலாமா என்று யோசித்தேன். கை வரவில்லை.

சீட்டு கிடைத்திருந்தால் நான் என்ன ஆகியிருப்பேன்? ரிட்டயர் ஆகி, சஃபாரி சட்டைக்காரரோடு வசூலுக்கு வந்திருப்பேன். அதனால் அழவில்லை. அம்மா கேட்ட கேள்விக்கு இப்போதுதான் பதில் கிடைத்தது. அதைக் கேட்க அவள் இல்லை. அதற்கு மட்டும் ஒரு நாள் குடோனுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்தேன்.

தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். கல் முழுக்க என் செலவு, வசூல் டப்பாவை உள்ளே வையுங்கள். ஆனால் வாசகத்தை அடித்துத் திருத்தியிருக்கிறேன். சார் பேர் இருக்கட்டும். எண்ணும் இருக்கட்டும், அவர் ஆசையாகக் கட்டம் கட்டின மாதிரியே கட்டம் கட்டுங்கள். எந்த எண்ணாலும் வகுபடாதது என்ற வரி வேண்டாம். விடையையும் வெட்ட வேண்டாம், அதை எவளாவது ஒருத்தி கண்டுபிடிப்பாள். கல்லைப் பீடம் கட்டித் தூக்காதீர்கள். அஞ்சாவது படிக்கிற பெண் எக்காமல் நின்று படிக்கிற உயரத்தில் வையுங்கள்.

எண்ணுக்குக் கீழே ஒரே வரி. எழுத்துக் குறையாமல் வெட்டச் சொல்லுங்கள்:

நூறோடு நிறுத்தாதே.